புதிய நூல்களும் விடுபட்ட வயதும்

நூலகத்துக்குத் தமிழ் நூல் வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள்தாம் போடப்படுகின்றன. ஒன்று பெரியவர்களுக்கு, மற்றொன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு. பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் இரண்டிலும் விடுபடுகிறார்கள். மலேசியாவின் சுங்கை பாக்காப் போன்ற தென் செபராங் பிறை ஊர்களில் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் பயிற்றுமொழி மலாய். தமிழ் ஒரு பாடம் மட்டுமே. வாசிப்பு அறுபடும் இடம் இதுதான்.

பெரியவர்களுக்கு நூல் தேர்வதில் சிரமமில்லை. கோ. புண்ணியவானின் ‘கையறு’ சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழரின் கதை. 1942–43இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் முன்பே நாவல் எழுதியிருக்கிறார்கள். மூன்றையும் ஒரே தட்டில் அடுக்கினால் தாத்தாக்களின் கதையைத் தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார். ம. நவீனின் ‘சிகண்டி’ (2021) முதிர்ந்த வாசகருக்கு மட்டுமே உரியது. அவருடைய ‘பேய்ச்சி’யை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது. நூலின் தரம் வேறு, சட்டம் வேறு. வாங்குமுன் தடைப்பட்டியலைப் பார்ப்பது நூலகரின் கடமை.

இளையோருக்கு எழுதுவோர் குறைவு என்ற குறை பாதிதான் உண்மை. கே. பாலமுருகனின் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ இந்த மண்ணிலேயே எழுதப்பட்ட சாகச நாவல். பதின்ம வயதில் தமிழ் வாசிக்கத் தயங்குபவரிடம் முதலில் நீட்ட வேண்டியது இத்தகைய நூலைத்தான். அறநெறித் தொகுப்பை அல்ல. தமிழ்நாட்டு நூல்களில் கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இலும், விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025இலும் பால சாகித்ய புரஸ்கார் பெற்றன. அங்குள்ள வட்டாரச் சொற்கள் இங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்காங்கே தட்டும். விருதை மட்டும் நம்பாமல், நூலகர் சில பக்கங்களையாவது படித்துப் பார்த்துத் தேர்வது நல்லது.

வாங்கிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. டூவி பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811இன் கீழ் வருகிறது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ‘சிகண்டி’யும் ஓநாய் மனிதர்களும் அக்கம்பக்கமாக நிற்பார்கள். முதுகு ஒட்டியில் இளையோருக்கெனத் தனி நிறமோ எழுத்தோ சேர்த்து, அந்த நூல்களை வேறு தட்டுக்கு மாற்றுவதே வழி. செலவு அதிகமில்லை. தலைப்பை உரோமன் எழுத்தில் பதியும்போது ஒரே முறையைப் பின்பற்றாவிட்டால், நூல் அலமாரியில் இருந்தும் தேடலில் அகப்படாது.

அடுத்த கொள்முதலில் தமிழ் நூல்களுக்கான தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது படிவம் ஒன்று முதல் ஐந்து வரை பயிலும் மாணவர்களுக்கென நூலகப் பொறுப்பாளர்கள் ஒதுக்க வேண்டும்.