கேரியரில் அப்பா

தேனியிலிருந்து குமுளி சுமார் 60 கி.மீ. சின்னமனூர், கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வருவதற்குள் சைக்கிள் மிதிப்பவருக்குக் கால் கெஞ்சும். அதைப்போல இருபது மடங்கு தூரத்தை, அப்பாவைக் கேரியரில் வைத்துக் கடந்தாள் ஒரு 15 வயதுப் பெண்.

2020 மே, ஊரடங்கு. டெல்லி பக்கம் குருகிராமில் இ-ரிக்‌ஷா ஓட்டிய மோகன் பாஸ்வான், விபத்தில் அடிபட்டு வருமானமின்றி இருந்தார். மகள் ஜோதி குமாரி பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, சுமார் 1200 கி.மீ. தள்ளி பீகாரின் தர்பங்கா மாவட்டத்திலுள்ள சொந்த ஊருக்கு அவரைக் கொண்டு சேர்த்தாள்.

நாடே பாராட்டியது. இவாங்கா டிரம்ப் ட்விட்டரில் புகழ்ந்தார். சைக்கிள் சம்மேளனம் தேர்வுக்கு அழைத்தது. 2021-ல் பிரதமரின் சிறார் விருதும் கிடைத்தது. அதே ஆண்டு அப்பா மாரடைப்பில் இறந்தார்.

நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட அப்பாவும் பிள்ளையும் சைக்கிளில் கிளம்பினால் தாராளமாகக் கைதட்டலாம். அது அவர்களே விரும்பிப் போவது. முடியாவிட்டால் பாதியில் திரும்பலாம். ஜோதிக்கு அந்த வசதி இல்லை.

அதே ஊரடங்கில் குமுளி எல்லை அடைபட்டதும், ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்த கம்பம் பள்ளத்தாக்குத் தொழிலாளர்களும் கூலியின்றி முடங்கினார்கள். அவர்களுக்கு யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தாலும் அடுப்பு எரிந்திருக்காது.

விருது நல்லதுதான். அந்த மே மாதம் ஜோதியின் கையில் இரண்டு ரயில் டிக்கெட் இருந்திருந்தால் இன்னும் நல்லது!