முன்பணம் கொடுக்கும் முன்

‘வீடு வாடகைக்கு’ என்று எழுதித் தொங்கும் அட்டையைக் கண்டால் இன்றும் என் நெஞ்சு ஒருமுறை படபடக்கும். சென்ற ஆண்டு வேதியியலில் இடம் கிடைத்தது. விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நானும் என் தந்தையும் கோவைத் தெருக்களில் இரண்டு நாள் அலைந்தோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வாடகை அறை தேடிய முதல் ஆளும் நானே. பாடம் சொல்ல ஆசிரியப் பெருமக்கள் இருக்கிறார்கள். வீடு பார்க்கச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

முடிவில் கிடைத்தது ஒரு மொட்டை மாடி அறை. நண்பர் இருவரோடு சேர்ந்து எடுத்தேன். வாடகை 3,500 ரூபாய், முன்பணம் 20,000. என் பங்குக்காக அம்மாவின் தோடு கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று. பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, “ரசீது கேளுங்கப்பா” என்றேன். “பெரியவங்ககிட்ட எழுதிக் கேட்டா நல்லா இருக்காது கண்ணு” என்றார் அப்பா. பத்து மாதம் கழித்துக் காலி செய்தோம். வெள்ளையடித்த செலவு, குழாய் பழுது, மின்கட்டணப் பாக்கி என்று கணக்குச் சொல்லி 9,000 ரூபாய் திருப்பித் தந்தார்கள். எதிர்த்துப் பேச எங்கள் கையில் ஒரு துண்டுத்தாள் இல்லை.

பின்னர்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதைப் பதிவு செய்யவேண்டும் என்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. எங்களிடம் வாங்கியதோ ஏறக்குறைய ஆறு மாத வாடகை! காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும். எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு அன்று என்பதே என் கருத்து. பேருந்தில் பத்து ரூபாய்க்குச் சீட்டுக் கேட்கிறோம், நடத்துநர் கோபிக்கிறாரா?

அடுத்தது தண்ணீர். நம்மில் பலர் வாடகையை முதலில் கேட்கிறோம். குழாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எங்கள் அறையில் நல்ல தண்ணீர் வாரம் ஒருமுறை. மற்ற நாளெல்லாம் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர்தான். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கலந்த கடின நீரில் சோப்பு நுரைக்காது என்று வகுப்பில் படித்தேன். துவரம் பருப்பும் வேகாது என்று அறையில் படித்தேன். எனவே நண்பர்களே, அறை பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சோப்புத் துண்டு இருக்கட்டும். அங்கேயே கை கழுவிப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பகலில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள். வெயிலை உண்ட காங்கிரீட் கூரை இரவில்தான் அதைக் கக்கும். ஏப்ரல் மாதத்தில் நாங்கள் மூவரும் அறைக்கு வெளியேதான் படுத்தோம். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்றும் கேட்டு, குடிபுகும் நாளிலேயே அளவைக் குறித்து வையுங்கள்.

படிப்பு முடிந்து வேலைக்கு ஊர் தேடும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. சென்னையா, பெங்களூரா என்று சம்பளத்தை மட்டும் வைத்து முடிவு செய்கிறோம். மே மாதம் தண்ணீர் எங்கிருந்து வரும், டிசம்பரில் எங்கே போய் நிற்கும் என்று அந்தந்தப் பகுதிக்காரரைக் கேட்கவேண்டாமா? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அதே சென்னையில் வேளச்சேரி போன்ற பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2024 கோடையில் பெங்களூரில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி மக்கள் லாரித் தண்ணீருக்கு நின்றார்கள். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் சம்பளம் லாரித் தண்ணீருக்கே போய்விடலாம்.

இன்னொன்றும் உண்டு. எழுதலாமா என்று இருமுறை யோசித்தேன். ஒரு வீட்டில், “எந்த ஊருங்க?” என்றார்கள். சொன்னோம். “ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” என்றார்கள். அப்பா உள்ளதைச் சொன்னார். “நேத்தே ஒருத்தருக்குச் சொல்லிட்டோமுங்க” என்று கதவு சாத்தப்பட்டது. அடுத்த வாரமும் அந்த அட்டை அங்கேயே தொங்கியது. இதற்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை. அன்று பேருந்தில் ஊர் சேரும்வரை அப்பா பேசவே இல்லை.

நம் கல்லூரி நூலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம் என்று பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அறையைக் காலி செய்யும் மாணவர் ஒவ்வொருவரும் தெரு, வாடகை, தண்ணீர், கடைசிப் பேருந்து நேரம், முன்பணம் திரும்பியதா, என்ன கேள்வி கேட்டார்கள் என்று அதில் எழுதி வைக்கட்டும். ஜூனில் பெட்டியோடு வந்து நிற்கும் முதலாண்டு மாணவரும் அவர் தந்தையும் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். முதல் பக்கத்தை நானே எழுதித் தருகிறேன்: மொட்டை மாடி அறை, உப்புத் தண்ணீர், முன்பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை.