அனுப்பிய பிரதியும் இல்லத்தில் வைக்கும் மூலமும்



1977 மார்ச் 10 அன்று, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் காட்சியைக் கண்காணித்தனர். எதிர்பாராத வேளையில் விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கியது பதிவாயிற்று. சிறு துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டது என்றே முதலில் கருதினர். அமெரிக்க விமான வானாய்வகம் முதலிய இடங்களில் கிடைத்த பதிவுகளுடன் சேர்த்துப் பார்த்தபோதுதான், அது யுரேனஸின் வளையம் என்பது துலங்கிற்று. மலைமேல் எழுதி வைத்தது மலைக்கு வெளியே சென்றதால் முழுப்பொருள் பெற்றது.

இன்று அதே மலையின் இளைஞர் ஒருவர், தம் ஊரின் சாமை விளைச்சலையும் முதியோர் சொல்லும் வரலாறுகளையும் படங்களுடன் ஒரு சொந்த இணையதளமாக்க விரும்பலாம். டிரீம்வீவர் போன்ற மென்பொருள் இருப்பின், பக்கத்தை அமைப்பது கடிதம் தட்டச்சு செய்வதைப் போன்றதே. ஆயினும் திரையில் தெரியும் அப்பக்கம் வீட்டுக் கணினியில் மட்டுமே இருக்கிறது. இரவும் பகலும் இயங்கும் தொலைதூரக் கணினியாகிய சர்வருக்கு அதை அனுப்பினால்தான் பிறர் காண்பர்.

அனுப்பும் முறைக்கு எஃப்.டி.பி. என்று பெயர். 1971-இல் இதன் முதல் விதிகளை எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண் என்னும் இந்தியரே. சர்வரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்றையும் மென்பொருளில் ஒருமுறை பதிந்தால் போதும். பழைய முறையில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே செல்லும்; ஆதலால் எஸ்.எஃப்.டி.பி. என்னும் பாதுகாப்பான முறையைத் தேர்ந்தெடுப்பதே நன்று.

பக்கம் வந்தும் படம் வராதிருப்பது பலருக்கும் நேர்வது. படத்தின் முகவரி வீட்டுக் கணினியைச் சுட்டிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். பக்கங்களையும் படங்களையும் தொடக்கத்திலேயே ஒரே கோப்புறையில் வைத்து, அதை அப்படியே ஏற்ற வேண்டும். கோப்புப் பெயர்களில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளையே கையாள வேண்டும். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பல சர்வர்கள் வெவ்வேறாகக் கருதும். அலைவரிசை வலுவற்ற மலையூர்களில் படங்களின் அளவைக் குறைத்துச் சிறிது சிறிதாக அனுப்புவது நலம். முடிந்தபின் வேறொருவர் கைப்பேசியில் திறந்து பார்த்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளத்தில் உலகெங்கும் எண்ணற்ற குடும்பங்கள் தங்கள் பக்கங்களை வைத்திருந்தன. 1999-இல் அதை யாஹூ வாங்கிற்று. 2009 அக்டோபர் 26 அன்று மூடிற்று. தன்னார்வலர் சிலர் ஒரு பகுதியை மீட்டனர். வீட்டில் மூலத்தை வைத்திருந்தோர் வேறு சர்வரில் மீண்டும் ஏற்ற முடிந்தது. ஏற்றியாயிற்று என்று மூலத்தை அழித்தோர் தம் குடும்பப் படங்களையே இழக்க நேர்ந்தது.

சர்வருக்குச் செல்வது பிரதியே. பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய பணியில் இறங்கினால் ஊக்குவியுங்கள். மூலத்தை வீட்டிலும், இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் உறவினர் இல்லத்திலும் வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுக் கட்டணம் செலுத்தும் நாளையும் கடவுச்சொல்லையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பத்திரங்களுடன் சேர்த்து வையுங்கள். பிள்ளை நாளை வெளியூர் வேலைக்குச் சென்றாலும், தாத்தா பாட்டி சொன்னவை அழியாதிருக்கும்.