யந்திர நோயாளி எந்தப் பாஷையில் பேசும்?

வைத்திய மாணாக்கர் நோயாளியை விசாரித்துப் பழகுவதற்காக, செயற்கை நுண்ணறிவினால் நோயாளியைப் போலப் பேசும் யந்திரங்கள் வந்திருக்கின்றன. மாணாக்கன் பிழை செய்தாலும் ஓர் உயிருக்கும் தீங்கில்லை. ஒரே வியாதியைப் பத்து முறை விசாரிக்கலாம். இந்நன்மையை நாம் மறுக்கவில்லை. யோசனையும் புதிதன்று. 1963-ல் அமெரிக்காவில் ஹோவர்டு பாரோஸ் என்னும் வைத்தியர் நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கினார். 1972-ல் கென்னத் கோல்பி என்பவர், சந்தேகப் பித்துக் கொண்டவனைப் போல விடையிறுக்கும் 'பாரி' என்ற கம்ப்யூட்டர் நோயாளியையே சிருஷ்டித்தார்.

நமது கேள்வி வேறு. இந்த யந்திரம் யாருடைய குரலில் பேசப்போகிறது?

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள ஆலைகளை நேயர்கள் அறிவர். அங்கே காரும் லாரியும் செல்போனும் செய்வோர் தென் ஜில்லாக்களிலிருந்து மட்டுமன்றி, ஒடிஷா, பீஹார், அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள். இரவு வேலை முடித்து வரும் பெண் "கிறுகிறுன்னு வருது" என்பாள். மாதவிடாயைப் பற்றிக் கேட்டால் தலை குனிவாள். "நெஞ்சு கரிக்குது" என்பவனுக்குக் கோளாறு இரைப்பையிலா, இருதயத்திலா? துருவிக் கேட்டாலன்றித் தெரியாது. லீவு போட்டால் கூலி போகுமென்று வலியைக் குறைத்துச் சொல்பவனும் உண்டு. வக்கீல் தொழிலில் நாம் கண்டதும் இதுவே. சட்டக் கலாசாலையின் மாதிரி வழக்கில் சாட்சி கேட்டதற்கு நேரே விடை சொல்வான். மெய்யான கிராமவாசியோ தன் மாட்டின் கதையிலிருந்துதான் ஆரம்பிப்பான்.

2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரத்துச் செல்போன் ஆலைப் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதி உணவினால் நோயுற்றனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவவே, தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். நோயைத் தீர்ப்பதோடு, நிலைமையை நம்பும்படி எடுத்துச் சொல்வதும் வைத்தியத்தில் சேர்ந்ததென்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2019-ல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் நோயாளியுடன் உரையாடும் பயிற்சியைச் சேர்த்திருக்கிறது. நல்லதே. ஆனால் இங்கிலீஷில் ஒழுங்காக விடை சொல்லும் யந்திரத்தை விலைக்கு வாங்கி வைத்து அப்பயிற்சி முடிந்ததென்று கணக்கெழுதுவது பரிகாசமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஸாமுவேல் கிரீன் என்ற அமெரிக்கர் வைத்தியத்தைத் தமிழில் போதித்தார். அந்நியர் செய்ததை நாம் செய்யத் தயங்குவானேன்?

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இதில் முன்வர வேண்டும். தொழிலாளரின் சம்மதம் பெற்று, பெயரை நீக்கி, அவர்கள் பேசும் பேச்சைக் கொண்டே யந்திர நோயாளியை அமைக்கட்டும். தமிழறியாத தொழிலாளியிடம் துபாஷி மூலம் பேசவும் அதில் பழக்கட்டும். வார்டில் மாணாக்கர் கழிக்கும் நேரத்தில் ஒரு மணியையேனும் யந்திரத்தின் பெயரால் குறைக்கலாகாது.