சிறுநீரக நோயும் ஓர் இலக்கமும்

1827-ஆம் ஆண்டில் லண்டன் கைஸ் வைத்தியசாலையின் ரிச்சர்டு பிரைட் என்னும் வைத்தியர், உடல் வீக்கத்தையும் ஆல்புமின் கலந்த சிறுநீரையும் பழுதுற்ற சிறுநீரகத்தையும் தொடர்புபடுத்திக் காட்டினார். அதன்பின் நெடுங்காலம் சிறுநீரக நோய்கள் பலவும் 'பிரைட் நோய்' என்னும் ஒரே பெயரில் அடங்கிக் கிடந்தன. அப்பெயர் இன்று வழக்கொழிந்தது. அப்பழக்கம் ஒழிந்ததோ என்பது நமக்கு ஐயமே.

அமெரிக்க வைத்தியசாலைகளின் நோய்ப்பதிவுகளுக்குச் சென்னையில் அமர்ந்து குறியீடு இடும் பட்டதாரிகள் பலராதலின், இப்பொருள் நமக்கு அந்நியமன்று. அந்நாட்டில் வழங்கும் நோய் வகைப்பாட்டில் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு 'என் 18' என்பது குறியீடு. புள்ளிக்குப் பின்வரும் இலக்கம் நோயின் படியைக் காட்டும். சிறுநீரகம் நிமிஷத்திற்கு வடிகட்டும் அளவு 30 முதல் 59 மில்லிலிட்டர் வரை மூன்றாம் படி. 15 முதல் 29 வரை நான்காம் படி. அதற்குங் கீழ் ஐந்தாம் படி. மூன்றாம் படி மிக விரிந்ததாகலின், 2020 அக்டோபரில் 45-ஐ எல்லையாக்கி அதற்கு இரு குறியீடுகள் வகுத்தனர். இத்துணை நுட்பம் இருந்தும், வைத்தியர் படியை எழுதாது விட்டால் 'என் 18.9' என்னும் பொதுக்குறியீடே இடப்பெறும்.

இதற்குக் குறியீட்டாளரைக் குறைகூறுதல் நியாயமன்று. இரத்தப் பரிசோதனைத் தாள் கண்முன் இருப்பினும், அதனைக் கொண்டு தாமே படியை நிர்ணயிக்க விதி இடந்தராது. அவ்விதி தக்கதே. பேதியால் உடல்நீர் வற்றியவனுக்கும் அவ்வளவு தாழும்; மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலன்றி அது நாட்பட்ட நோயாகாது. ஆகவே குற்றம் பெரும்பாலும் பேனாவை விரைந்து மூடும் வைத்தியரதே என்பது நம் துணிபு.

இது கணக்குப் பிழை மாத்திரமோ? நீரிழிவுக்குரிய மெட்பார்மினை, வடிகட்டும் அளவு 30-க்குக் கீழ்ப்போனவர்க்குக் கொடுத்தலாகாது. மூட்டுவலிக்கென எளிதில் எழுதப்படும் வலிநீக்கிகள் பல, தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் தளர்த்தும். நான்காம் படியினன் ஒருவன் அயலூர் வைத்தியரிடம் செல்லுங்கால், பதிவில் அப்படி காணப்படாவிடின், அவர் எச்சரிக்கை கொள்வதெங்ஙனம்?

மற்றொரு தீங்கும் உண்டு. முதியோர்க்குரிய மெடிக்கேர் அட்வாண்டேஜ் திட்டத்தில், பதியப்பட்ட நோயின் கடுமைக்கேற்ப அரசாங்கம் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குத் தரும் தொகை உயரும். ஆதலால் இல்லாத படியை ஏற்றி எழுதும் ஆசையும் பிறக்கும். அதனைக் களவென்று கூற நாம் அஞ்சோம்.

ஐயமுற்றவிடத்து வைத்தியருக்கு வினா விடுக்கும் வழி குறியீட்டாளர்க்கு உண்டு. விடை வரத் தாமதமாகும். அன்றைய கணக்கில் தாள் ஒன்று குறையும். குறைந்தாற் குறையட்டும்.