வராத கேள்வி

"இது பரீட்சைக்கு வருமா சார்?" பொறியியல் கல்லூரிகளில் பௌதிகம் சாகிற இடம் இந்தக் கேள்விதான் என்று மாணவர்களைக் குறை சொல்லிப் பழகிவிட்டோம். இதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று. முதலாண்டு வகுப்பில் வெப்பவியல். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவளின் மகள் எழுந்து கேட்டாள்: "உலர்த்தும்போது சூட்டைக் கூட்டினால் காய் சீக்கிரம் காய்கிறது, ஆனால் பச்சை வெளுத்துவிடுகிறது. சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று கணக்குப் போட முடியுமா சார்?"

பச்சைக் காயில் சுமார் 80 சதவீதம் நீர். நிறம் கெடாமல் அதைப் பத்துப் பன்னிரண்டுக்கு இறக்க வேண்டும். வெப்பக் கடத்தல், ஆவியாதல், காற்றின் ஈரம் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன. நான் சொன்ன பதில்: "அது வராதும்மா. லீ வட்டு வரும், எழுதிக்கொள்."

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் அதே அலகில் 'அடுப்புகள்' என்றும் ஒரு சொல் இருந்தது. அவள் கேட்டதும் ஓர் அடுப்பைப் பற்றித்தான். ஆனால் இரண்டு மதிப்பெண் பத்து, பதிமூன்று மதிப்பெண் ஐந்து, பதினைந்து மதிப்பெண் ஒன்று என்ற சட்டகத்தில் லீ வட்டு கச்சிதமாகப் பொருந்தும்: படம், வருவித்தல், சமன்பாடு. வட்டைக் கண்ணால் காணாதவனும் எழுதிவிடலாம்.

தேர்வு இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளைக்கு நியாயம் ஏது என்பார்கள். உண்மை. விடைத்தாள் திருத்துகிறவனுக்கு அவள் யார் மகள் என்று தெரியாது. சல்லடைக்கும் அந்த நடுநிலை உண்டு. ஆனால் போடியில் ஏலக்காய் ஏலம் எடுக்க வருகிற வியாபாரிகூடச் சல்லடையோடு நிற்பதில்லை. நிறம் பார்க்கிறான், லிட்டருக்கு எடை பார்க்கிறான்.

வினாத்தாளை மாற்றினால் போதும் என்றும் நான் நம்பவில்லை. அந்தப் பதினைந்து மதிப்பெண் கேள்வி, படித்ததைப் பிரயோகித்துப் பார்க்கவென்றே வைக்கப்பட்டது. அதற்கும் மாதிரி விடை தயாரித்து நகலெடுத்துக் கொடுத்தோம். 2015-இல் பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது தேனி மாவட்டமே கொதித்தது. என் வகுப்பில் அந்தத் துகளின் பெயர்கூட உச்சரிக்கப்படவில்லை. 'வராது' என்று முடிவு செய்தது பல்கலைக்கழகம் அல்ல, நான்.

இலக்கியத்தை நோட்ஸ் கொன்றுவிட்டதாகச் சிறுபத்திரிகைகளில் ஓயாமல் புலம்பும் நண்பர்களுக்கு ஒரு தகவல்: பௌதிகத்துக்கும் அதே பாடைதான். தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அவள் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அப்புறம் எதையும் கேட்கவில்லை.