மறைப்பதும் ஒரு கலை

கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்தொகுப்பு, இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. பழைய திரைப்படப் பாட்டுப் புத்தகங்களும் அங்கு உண்டு. கதையை ஓரளவு கூறி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்துவது அப்புத்தகங்களின் வழக்கம். மர்மப் படத்தின் தொடக்கக் காட்சிக்கும் அதுவே இலக்கணம்.

காரைக்குடியைச் சேர்ந்த ஏ.வி. மெய்யப்பன் தயாரிப்பில், எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் வெளிவந்தது. பாடல்களே இல்லாத அப்படம் துப்பாக்கிச் சூட்டுடன் தொடங்குகிறது. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்னும் பாத்திரம் குண்டடிபட்டு இறக்கிறது. சுட்டவர் யார் என்பது மட்டும் காட்டப்படுவதில்லை. அவ்வினாவே படம் முழுவதையும் நடத்திச் செல்கிறது.

இன்று கைப்பேசியில் மர்மப் படத் தொடக்கம் எடுக்கும் மாணவர் சிலர், இருட்டும் இரைச்சலும் போதும் என எண்ணுகின்றனர். ‘அந்த நாள்’ படத்திலும் நிழல் உண்டே எனலாம். அந்நிழல் மறைக்க வேண்டியதை மட்டுமே மறைக்கிறது. அனைத்தையும் மறைத்தால் எஞ்சுவது ஆர்வமன்று, குழப்பமே.

எனவே, எடுத்த காட்சியைக் கதையறியாத ஒருவருக்குக் காட்டி, மனத்தில் எழுந்த வினா யாதெனக் கேட்டறிதல் வேண்டும். கருதிய வினா எழவில்லையெனில், குறை பார்ப்பவரிடம் இல்லை; படத்தொகுப்பில் உள்ளது. எழுப்பிய வினாவுக்கு விடையும் கதைக்குள் இருத்தல் வேண்டும். விடையற்ற மர்மம் பார்ப்பவரின் நம்பிக்கையை இழக்கும்.